சுண்டலும் சர்க்கரைத் தண்ணீரும்

கலைமகள் விழா முடிந்த பிற்பகலில் ஒரு தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் சென்று குப்பைத் தொட்டியை எட்டிப் பார்ப்பவர், பத்து மாநாடுகளில் கிடைக்காத செய்தி ஒன்றை அங்கே பெறலாம். பூசை முடிந்ததும் மாணவர் ஒவ்வொருவருக்கும் காகிதக் கிண்ணத்தில் கொண்டைக்கடலைச் சுண்டலும், நெகிழிக் குவளையில் செம்மஞ்சள் நிறப் பானமும் வழங்கப்படுகின்றன. தொட்டியில் கிடக்கும் குவளைகளில் ஒரு சொட்டும் மிச்சமில்லை. கிண்ணங்களிலோ சுண்டல் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. கலைமகளுக்குப் படைத்த பொருள் குப்பைக்குச் சென்றது. ஆலையில் கலக்கிய பொருள் குழந்தைகளின் வயிற்றுக்குச் சென்றது. குப்பைத் தொட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இதைக் கண்டதும் பிள்ளைகள்மீது பழிபோடுவது பெரியவர்களின் வழக்கம். இக்காலப் பிள்ளைகளுக்கு நல்லது எதுவும் பிடிப்பதில்லை என்று பெருமூச்சு விடுவர். இனிப்பை விரும்புவது குழந்தையின் இயல்புதான், அதை மறுப்பாரில்லை. ஆனால், எது மதிப்புக்குரிய உணவு, எது மதிப்பற்ற உணவு என்னும் பாடத்தைக் குழந்தை பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருவதில்லை. அந்தப் பாடம் வீட்டுக் கூடத்தில் நடத்தப்படுகிறது. விருந்தினர் படியேறி வந்ததும் இல்லத்தலைவி மகனைக் கடைக்கு விரட்டுகிறார். வந்தவருக்குப் போத்தலில் அடைத்த பானம் ஊற்றிக் கொடுக்காவிட்டால் குடும்பத்தின் மானம் போய்விடும் என்று அஞ்சுகிறார். அடுப்பில் வெந்து கொண்டிருக்கும் பச்சைப்பயறோ மூடியிட்டு மறைக்கப்படுகிறது. பயறு வீட்டாருக்கு; போத்தல் விருந்தாளிக்கு. மூலையில் அமர்ந்து இதைப் பார்த்துக் கொண்டிருக்கும் ஏழு வயதுச் சிறுமிக்கு வேறு விளக்கம் தேவையா?

தீபாவளி நெருங்கும்போது இந்தக் காட்சி பெட்டி பெட்டியாகப் பெருகுகிறது. பலகாரத்துக்கு மாவிடிக்கும் முன்பே பானப் பெட்டிகள் வீட்டு முகப்பில் அடுக்கப்படுகின்றன. எத்தனை பெட்டி வாங்கப்பட்டது என்பது அண்டை வீட்டாரின் கணக்கிலும் ஏறுகிறது. திருமண வீட்டிலும் அப்படியே. இழவு வீட்டின் கருமாதி நாளிலும் அப்படியே. இன்பத்துக்கும் துன்பத்துக்கும் ஒரே மருந்து கண்ட சமுதாயம் உலகில் இது ஒன்றுதான் போலும்!

இந்தப் பானத்துக்கு மலாயா மண்ணில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1883ஆம் ஆண்டிலேயே ஜான் ஃபிரேசர், டேவிட் நீவ் என்னும் இருவர் சிங்கப்பூரில் வாயு கலந்த நீர் ஆலையைத் தொடங்கினர். கோக்கோ கோலாவை 1936ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்துக்குக் கொண்டுவந்ததும் அந்த நிறுவனமே. தொடக்கத்தில் அது துரைமார் மேசைக்கு உரிய பொருளாக இருந்தது. துரை குடித்ததைக் கிராணி குடித்தார். கிராணி குடித்ததைத் தொழிலாளி ஆண்டுக்கொருமுறை திருவிழாவில் குடித்தார். ஆண்டுக்கொரு முறை குடித்தவரையில் அது கேடாகவும் இல்லை. அருமையாகக் கிடைத்ததால் அதற்கு ஒரு மதிப்பு வந்தது. பின்னர் விலை மலிந்து, வீதிக்கு வீதி குளிர்பெட்டி வந்த பிறகும் அந்தப் பழைய மதிப்பு மட்டும் மங்கவில்லை. துரைமார் போய்விட்டனர், அவர்கள் மேசையின் மயக்கம் போகவில்லை.

பயறுக்கு நேர்ந்த கதை இதற்கு நேர்மாறானது. லயத்து வீடுகளில் பருப்பும் நெத்திலிக் கருவாடும் வறுமையின் அடையாளங்களாயின. தட்டைப்பயறும் மொச்சையும் இல்லாதவன் உணவு என்று பெயர் பெற்றன. கொள்ளு குதிரைக்கு உரியது என்றனர். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மகிழுந்து வாங்கிய தந்தை, தாம் ஏறி வந்த ஏணியின் முதற்படியை மறக்க விரும்பினார். அதனால் தட்டிலிருந்து முதலில் நீக்கப்பட்டது பயறு. வறுமையை ஒழித்தது போற்றத்தக்கது. வறுமைக் காலத்தில் உடலைத் தாங்கி நின்ற உணவையும் சேர்த்து ஒழித்ததுதான் அறியாமை.

இனி இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம். வழக்கமான கோலா பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10.6 கிராம் சர்க்கரை உண்டு. 330 மில்லிலிட்டர் கொண்ட ஒரு டின்னில் ஏறத்தாழ 35 கிராம். அதாவது ஒன்பது தேக்கரண்டிச் சர்க்கரை. அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சுமார் 139 கலோரி. வேகவைத்த கொண்டைக்கடலை அரைக் கோப்பை, ஏறத்தாழ 80 கிராம், தரும் ஆற்றலும் சுமார் 130 கலோரியே. ஆற்றலை மட்டும் பார்த்தால் டின்னும் கிண்ணமும் ஏறக்குறைய ஒன்று. வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்த அரைக் கோப்பைக் கடலையில் 7 கிராம் புரதம் இருக்கிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கு அண்மையில் வருகிறது. நார்ச்சத்து 6 கிராம். இரும்புச்சத்து 2 மில்லிகிராமுக்கு மேல். புதிய இரத்தம் ஊறுவதற்கும், கருவில் வளரும் சிசுவின் முதுகுத் தண்டு செம்மையாக உருவாவதற்கும் வேண்டிய ஃபோலேட் என்னும் சத்து 140 மைக்ரோகிராமுக்கு அருகில் உண்டு. மக்னீசியமும் பொட்டாசியமும் துத்தநாகமும் உண்டு. டின்னில் புரதம் எவ்வளவு? இல்லை. நார்ச்சத்து? இல்லை. இரும்பு? இல்லை. ஃபோலேட்? இல்லை. சர்க்கரையையும் நீரையும் கழித்துவிட்டால் எஞ்சுவன அமிலமும் நிறமும் மணமும் காற்றும். கோலாவாயின் சிறிது கஃபீனும். ஒரே கலோரியை விலைக்கு வாங்கும் இருவரில் ஒருவர் வீடு கட்டக் கல்லும் சுண்ணாம்பும் மரமும் கொண்டு போகிறார். மற்றவர் கொளுத்திப் பார்க்க மத்தாப்பு வாங்கிப் போகிறார்.

பச்சைப்பயறும் இதற்குக் குறைந்ததன்று. வெந்த பயறு 100 கிராமில் 7 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. தட்டைப்பயறில் ஃபோலேட் கடலையையும் விஞ்சுகிறது. முளைகட்டிய பயறில், உலர்ந்த நிலையில் இல்லாத வைட்டமின் சி தோன்றுகிறது. இவற்றையெல்லாம் ஆய்வுக்கூடம் காணாத பாட்டிமார் ஊறவைத்தும் முளைகட்டியும் சமைத்தனர் என்பதை எண்ணும்போது வியப்பே மிகும். அரிசிச் சோற்றின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு; பயறில் அது நிறைவு. பயறில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதிய அளவு உண்டு. சோறும் பருப்பும், இட்டிலியின் அரிசியும் உளுந்தும், வெண்பொங்கலில் கூடும் அரிசியும் பாசிப்பருப்பும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் கூட்டணிகள். புலால் வாங்க வழியற்ற மக்களின் உடலை வலுவுடன் காத்தது இந்தக் கூட்டணியே.

இங்கே ஒரு நேர்மை தேவை. பயறிலுள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்ந்துவிடுவதில்லை. தாவர இரும்பு இறைச்சியின் இரும்பைப் போல எளிதில் உட்கிரகிக்கப்படுவதன்று. ஆனால், அதற்கும் வழி உண்டு. சுண்டலில் எலுமிச்சைச் சாறு பிழிவதும் மாங்காய்த் துண்டுகளைக் கலப்பதும் சுவைக்காக மட்டும் அல்ல; அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு உட்செல்லக் கதவு திறந்துவிடுகிறது. சுண்டல் தின்ற கையோடு தேநீர் குடித்தால் அந்தக் கதவு பாதி மூடிக்கொள்ளும். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு மூவர் இரத்தச்சோகை உடையவர் என்று கண்டது. அந்தப் பெண்கள் நாள்தோறும் அருந்துவது எது, உண்ண மறந்தது எது என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம்.

பானத்துக்காக வாதாடுவோர் முதலில் தூக்கிப் பிடிப்பது உடனடித் தெம்பு என்னும் கொடியை. ஓட்டப்பந்தயம் முடிந்து மூச்சிரைக்க வரும் பிள்ளைக்கு ஒரு டின் கொடுத்தால் முகம் மலர்கிறதே என்பர். மலர்கிறது, உண்மைதான். நார் எதுவும் தடுக்காத சர்க்கரை விரைந்து குருதியில் கலக்கிறது. அதை அடக்கக் கணையம் அவசர அவசரமாக இன்சுலினைச் சுரக்கிறது. சர்க்கரையின் ஒரு பாதியான ஃபிரக்டோசைப் பெரும்பாலும் கல்லீரலே சுமக்கிறது; மிகுதியானால் அங்கே கொழுப்பாகப் படிகிறது. இவ்வளவு நடந்தும் வயிறு நிறைந்தது என்னும் செய்தி மூளைக்குச் சரிவரப் போய்ச் சேர்வதில்லை. திரவமாகச் செல்லும் கலோரிக்குப் பசியடக்கும் திறன் குறைவு. ஆகவே டின்னைக் குடித்த பிள்ளை அடுத்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்வதில்லை. குடித்தது கணக்குக்கு மேல் கணக்காகச் சேர்கிறது. கடலையோ மெல்ல மெல்லச் செரித்து, நண்பகல் மணி அடிக்கும் வரையில் பிள்ளையைப் பாடத்தில் இருத்துகிறது. காலையில் இனிப்புப் பானம் மட்டும் அருந்தி வந்த மாணவன் மூன்றாம் பாடவேளையில் மேசைமேல் தலைசாய்ப்பதைக் கண்டு சோம்பேறி என்று பட்டம் சூட்டும் ஆசிரியர்கள், அவன் காலை உணவு என்ன என்று ஒருமுறை கேட்டிருப்பார்களா?

அடுத்தது வாயுக் குற்றச்சாட்டு. பயறு தின்றால் வயிறு ஊதும் என்று சொல்லி முகம் சுளிப்பவர், காற்றையே அழுத்தி அடைத்த போத்தலைத் திறந்து வாயில் கவிழ்த்துக்கொள்வது நகைப்புக்குரிய காட்சி. பயறிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் முதலிய மாவுப்பொருள்களைச் சிறுகுடல் செரிப்பதில்லை. அவை பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. அப்போது காற்று உண்டாவது உண்மை. அதே வேளையில் குடற்சுவரைப் பேணும் நல்ல அமிலங்களும் உண்டாகின்றன. இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புது நீரில் நன்றாக வேகவைத்தால் தொல்லை பெரிதும் குறையும். வழக்கமில்லாதவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும். பெருஞ்சீரகமும் பெருங்காயமும் இஞ்சியும் சமையற்கட்டில் எதற்காக இருக்கின்றன?

பயறு எல்லார்க்கும் எக்காலத்தும் ஏற்றது என்று சொல்வதும் பொய்யாகும். சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காட்டில் உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்கு கொதித்தே ஆக வேண்டும். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகள் ஃபேவா எனப்படும் அகன்ற அவரையைத் தொடக்கூடாது. சிறுநீரகம் கெட்டவர் பொட்டாசியத்தைக் கருதி மருத்துவர் சொற்படியே பயறு உண்ண வேண்டும். ஆனால், சிறுநீரகம் கெட்டவர் எவ்வாறு கெடுத்துக்கொண்டார் என்பதையும் கூடவே கேட்க வேண்டும். மலேசியாவில் குருதிச் சுத்திகரிப்புக்குப் புதிதாக வந்து சேர்வோரில் பாதிக்கும் மேற்பட்டோரை அங்கே அனுப்பி வைப்பது இனிப்புநீர் நோய். கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் வாழ்வு அது. அந்நிலையங்களின் நாற்காலிகளில் தமிழ் முகங்கள் எத்தனை என்பதை எண்ணப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை. ஒருமுறை உள்ளே சென்று வந்தால் போதும்.

2019ஆம் ஆண்டின் அதே ஆய்வில் நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினர் இனிப்புநீர் உடையவராகக் காணப்பட்டனர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. எண் சற்று இறங்கியது ஆறுதல்தான். ஆனால் ஆறு பேரில் ஒருவர் என்பது பெருமைப்படத்தக்க நிலையன்று. இனவாரியாகப் பார்க்கையில் 2019இல் இந்தியரே முன்வரிசையில் நின்றனர். மரபணுவின்மேல் பழிபோட்டுவிட்டு அடுத்த போத்தலைத் திறப்பது எளிது. மரபணு தூண்டில்முள் என்றால், அதில் இரையை மாட்டுவது மனிதன் கையன்றோ? இன்னொரு செய்தியும் அந்த ஆய்விலேயே உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஒருபுறம் சர்க்கரை மிகுந்து பெரியவர் சாகிறார். மறுபுறம் சத்துக் குறைந்து சிறியவர் குறுகுகிறார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் இரண்டும் நடக்கின்றன.

பற்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பல்லின் மேற்பூச்சு, அமில அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்குகிறது. கோலா பானத்தின் அளவு ஏறத்தாழ 2.5. அதோடு அதிலுள்ள சர்க்கரையை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் தம் பங்குக்கு மேலும் அமிலம் சுரக்கின்றன. பல் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் வாயைத் திறக்க அஞ்சும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளே இதற்குச் சான்று.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதிக்கப்பட்டது. 2024இல் அது 50 காசாக உயர்ந்தது. 2025இல் மீண்டும் உயர்த்தப்பட்டது. சிங்கப்பூரில் 2022 திசம்பர் 30 முதல் பானங்களின்மேல் ஏ முதல் டி வரை தரம் பொறிக்கப்படுகிறது. டி தரப் பானத்துக்கு விளம்பரமும் கூடாது. இவை வரவேற்கத்தக்க நடவடிக்கைகள். பல ஆலைகள் சர்க்கரையைக் குறைத்து வரிக்கோட்டுக்குக் கீழே வந்து நின்றுகொண்டன. ஆனால், வரிக்கோடு வேறு, உடல்நலக்கோடு வேறு. 5 கிராம் அளவில் நிற்கும் பானத்தை அரை லிட்டர் குடித்தால் 25 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடும். உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, வளர்ந்த மனிதருக்கே ஒரு நாளில் ஏறத்தாழ 25 கிராமோடு நின்றுகொள்வது மேலும் நலம் என்கிறது. வரி கட்டாத போத்தல் என்பதால் அது வாழ்த்துக்குரிய போத்தல் ஆகிவிடாது. சர்க்கரையே இல்லாத பானம் என்று இன்னொரு கடை விரிக்கப்பட்டுள்ளது. எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டா என்று அதே நிறுவனம் 2023இல் கூறியது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பானத்தில் சர்க்கரை சுழியம் என்பது உண்மையே. புரதமும் சுழியம், நாரும் சுழியம், இரும்பும் சுழியம். சுழியத்துக்கு விலை கொடுக்கும் வணிகம் அது.

மேலைப் பானத்தை மட்டும் சாடிவிட்டு, சொந்தப் பானத்துக்குச் சாமரம் வீசுவதும் முறையாகாது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் வெயிலில் வந்த பக்தர்க்கு நீரும் மோரும் கொடுப்பது அறம். இன்று பல பந்தல்களில் மோர் மறைந்து, சிவப்பும் பச்சையுமாகச் சர்க்கரைப்பாகுத் தண்ணீர் பீப்பாய் பீப்பாயாக ஓடுகிறது. வெல்லம் கரைத்த பானகமும் சர்க்கரையே என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கெட்டிப்பால் மிதக்கும் தே தாரிக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பயறுகூடச் சேர்க்கைதோஷத்தால் கெடும் என்பதற்கு ஐஸ் கச்சாங் சாட்சி. சீவிய பனிக்கட்டிக்கடியில் சிவப்புப் பயறு என்பதே அதன் தொடக்கம். கச்சாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பயறு என்பதே பொருள். இன்று பாகும் கெட்டிப்பாலும் வண்ணக் கூழும் மலையாய்க் குவிய, பெயர் கொடுத்த பயறு பத்துப் பன்னிரண்டு மணிகளாய் அடியில் புதைந்து கிடக்கிறது. தமிழர் வீட்டில் பயறின் இன்றைய நிலையைச் சிற்பி செதுக்கியிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திராது.

இதில் வேதனையான வேடிக்கை ஒன்றும் உண்டு. பயறினத்தின் பெருமையை மலாயாத் தோட்டங்கள் ஒருபோதும் அறியாமல் இருந்ததில்லை. ரப்பர்க் கன்றுகளின் வரிசைகளுக்கிடையே புவேரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா என்னும் கொடிகளைப் படரவிட்டது தோட்ட நிர்வாகம். அவை மூன்றும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும். மண்ணரிப்பைத் தடுக்கும்; களையை அடக்கும்; கன்றைக் கொழிக்கச் செய்யும். அந்தக் கொடிகளுக்கு விதை தூவியவை தமிழ்க் கைகள். மரத்தின் நலத்துக்குப் பயறினம் வேண்டும் என்பதைத் துரை அறிந்திருந்தார். தொழிலாளியும் கண்ணாரக் கண்டார். அந்தத் தொழிலாளியின் பேரன் இன்று தன் குழந்தைக்குப் பயறினத்தை விலக்கி நிறமேற்றிய நீரை ஊட்டுகிறார். ரப்பர் மரத்துக்குக் கிடைத்த அக்கறை பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

மற்ற இனத்தார் பயறின் அருமையை இழந்துவிடவில்லை. மலாய்க்காரர் பச்சைப்பயற்றுக் கஞ்சியைக் காலையிலும் மாலையிலும் உண்கின்றனர். சர்க்கரையைக் குறைத்தால் அது மிகச் சிறந்த உணவு. சீனர் சோயாவைப் பாலாகவும் கட்டியாகவும் கூழாகவும் செய்து நாள்தோறும் உண்கின்றனர். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்யும் தமிழ்க் குடும்பங்களின் கடலை வகைகளைத் தேடி நாடெங்கிலுமிருந்து எல்லா இனத்தாரும் வருகின்றனர். எண்ணெயும் உப்பும் அதில் சற்று மிகுதி என்பது வேறு. தமிழன் விற்ற கடலையை ஊரார் தேடி வந்து வாங்க, தமிழன் வீட்டுப் பிள்ளை சுண்டலைக் குப்பையில் கொட்டுகிறது. ஐக்கிய நாடுகள் மன்றம் 2016ஆம் ஆண்டைப் பயறுகளின் ஆண்டாக அறிவித்து, பின்னர் பிப்ரவரி 10ஆம் நாளைப் பயறு நாளாகவும் குறித்தது. ஆசிரியர் தினமும் நூலக வாரமும் கொண்டாடும் தமிழ்ப்பள்ளிகளின் நாட்காட்டியில் அந்த நாளைக் காண்பது அரிது.

விலையைப் பற்றி முறையிடுவோர் கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். ஒரு கிலோ உலர்ந்த கொண்டைக்கடலையின் விலைக்கு நான்கைந்து டின் பானத்துக்கு மேல் கிடைப்பதரிது. ஒரு கிலோ கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். இருபத்தைந்து பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்புக்கே போதும். நான்கு டின் நான்கு பிள்ளைகளுக்கு. நேரம் இல்லை என்போரின் வாதமும் இப்படித்தான். கடலையை ஊறவைக்கும் எட்டு மணி நேரத்தில் வீட்டார் உறங்கலாம். கடலைக்குத் தாலாட்டுப் பாட வேண்டியதில்லை. அழுத்தச் சமையற்கலத்தில் அது வேகும் நேரத்துக்குள் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதிகூட முடியாது.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. சிற்றுண்டிச்சாலையில் வாயு நிரப்பிய பானங்களை விற்கக்கூடாது என்னும் விதி இருக்கிறது. விதி வாயுவைத் தடுத்தது. சர்க்கரை வேறு வாசலால் வந்தது. இனிப்புப் பாகு கலந்த ஐஸ் தண்ணீரும், சர்க்கரைத் தேநீரும், மாவுப்பானமும் அதே மேசையில் வரிசையாக நிற்கின்றன. விளையாட்டுப் போட்டி நாளில் பானப் பெட்டிகளை நன்கொடையாக ஏற்று, கொடுத்தவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அறிவியல் வகுப்பில் உணவுக் கூம்பகத்தைப் படமாக வரையச் சொல்லிவிட்டு, ஓட்டத்தில் வென்றவனுக்குச் சர்க்கரைத் தண்ணீரைப் பரிசளிக்கும் பள்ளி, எந்தப் பாடத்தை மாணவன் நினைவில் வைத்துக்கொள்வான் என்று எதிர்பார்க்கிறது? ஏழை மாணவர்க்கான கூடுதல் உணவுத் திட்டம் 1979 முதல் நாட்டில் நடந்து வருகிறது. அதன் பட்டியலில் பயறுக்கு இடம் கேட்டுக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார். அவர்களின் கூட்டங்களிலேயே மேசைக்கு மேசை போத்தல் நின்றால் குரல் எங்கிருந்து எழும்?

ஒரு பானத்தை எதிர்த்து எழுந்து நிற்கத் தெரியாத சமுதாயமா இது? 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை திரண்டது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்கு எதிராக அது போராடியது. நாள் முழுதும் பாடுபட்டுப் பெற்ற கூலி மாலையில் கள்ளுக்கடையில் கரைவதைக் கண்டு பொறாத எளிய தொழிலாளிகள் அவர்கள். தடியடியும் சிறையும் அவர்களுக்குக் கிடைத்தன. கள்ளோடு கோலாவை ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லக்கூடும். கள் மதியை மயக்கியது. அதனால் அதன் கேடு அன்றே தெருவில் தெரிந்தது. சர்க்கரைத் தண்ணீர் யாரையும் தள்ளாட வைப்பதில்லை. இருபதாண்டு பொறுமையாகக் காத்திருந்து, கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் கேட்கிறது. கள்ளுக்கடைக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் கூசினர். இந்தப் பானத்தைப் பெற்றோரே பிள்ளையின் கையில் கொடுக்கின்றனர். எது பெரிய பகை என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பவர் தீர்மானிக்கட்டும்.

இன்று எவரும் தடியடி பட வேண்டியதில்லை. அடுத்த கலைமகள் விழாவுக்கு முந்திய மாலையில் பள்ளிச் சமையற்கூடத்தில் பெரிய அண்டாக்களில் கடலை ஊறட்டும். மறுநாள் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, துருவிய தேங்காயை அளவோடு சேர்த்து, மாங்காயைப் பொடியாக நறுக்கிக் கலந்து, சூடு ஆறுமுன் கொடுக்கட்டும். ஆறி வறண்டு, உப்புக்கூடச் சரியாகச் சேராத சுண்டலைக் கடமைக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் குறைகூறுவது நியாயமன்று. குவளையில் பச்சைத் தண்ணீர் இருக்கட்டும். ஆசிரியர்களும் சங்கத்துப் பொறுப்பாளர்களும் தனியறைக்குச் சென்றுவிடாமல் பிள்ளைகளோடு வரிசையில் அமர்ந்து அதே கிண்ணத்தில், அதே குவளையில் உண்டு பருகட்டும். பிறகு, அன்று பிற்பகல் யாரேனும் ஒருவர் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் சென்று அந்தத் தொட்டியை மீண்டும் எட்டிப் பார்க்கட்டும்.